ஒட்டுப்போர்வையும் ஊர்ப் பணியும்



கலை என்றவுடன் கோயில் சிற்பத்தையும் கச்சேரி மேடையையும் நினைத்துக்கொள்ளும் நமக்கு, நைந்த சேலையையும் தையற்காரர் வெட்டிப் போட்ட துண்டுத் துணியையும் மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் ஒரு திண்ணையில் கூடித் தைக்கும் போர்வையைக் கலையென்று எடுத்துப் பேசத் தோன்றுவதில்லை. அப்படித் தைக்கப்படும் ஒட்டுப்போர்வையை, இன்று பலரும் குவில்ட் என்று வழங்கும் அந்தப் பொருளை, ஒரு கலையாகவும் ஒரு சமூகப் பணியாகவும் ஒருங்கே எடை போட்டுப் பார்ப்பதே இந்த உரையின் நோக்கம். வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரையில் பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்து நேயர்களை முக்கியமாக மனத்தில் வைத்தே இதைச் சொல்லுகிறேன். ஏனெனில், இந்தக் கலைக்கு வேண்டிய ஊசித் திறமை இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் பொருளின் லட்சணத்தைப் பார்ப்போம். ஒட்டுப்போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலே, பல நிறத் துண்டுகளை இணைத்து அமைத்த முகத்துணி. நடுவே, சூட்டைக் காக்கும் பஞ்சு அல்லது பழந்துணி. அடியில், ஒரே துணியாலான முதுகு. இம்மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவாதபடி முதலில் கச்சாத் தையலால் நிறுத்திவிட்டு, பிறகு முகத்தில் இறங்கி முதுகில் வெளிப்பட்டு மறுபடி முகத்துக்கு ஏறும் சிறு ஓட்டுத் தையலால் போர்வை முழுவதையும் வரிவரியாக நிரப்பி, கடைசியில் நான்கு ஓரத்துக்கும் பட்டி வைத்து மூடுகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அலங்காரமாகத் தோன்றும் அந்தத் தையல் வரிகளே, துவைக்கும்போது உள்ளிருக்கும் பஞ்சு ஒரு மூலையில் திரண்டு போகாமல் காப்பவை. சௌந்தர்யமும் பிரயோஜனமும் ஒரே நூலில் ஓடுகின்றன. பிரயோஜனத்தை நீக்கினால் அழகும் கூடவே போய்விடுகிறது.

துண்டுகளை இணைக்கும் வேலையிலே கணக்கு மிகவும் கண்டிப்பானது. கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைப்பது இந்தக் கலையில் உலகெங்கும் பெரும்பாலோர் கைக்கொள்ளும் அளவு. ஒவ்வோர் இணைப்பிலும் அரைக்கால் அங்குலம் பிசகினாலும், எட்டு இணைப்பு தாண்டுவதற்குள் ஓர் அங்குலம் காணாமற் போய், சதுரம் கோணலாகி, நான்கு துண்டுகள் கூடவேண்டிய மூலையில் மூன்றுதான் கூடும். ஆகவே ஒரு போர்வையை மதிப்பிட விரும்புகிறவர் முதலில் மூலைகளைப் பார்க்க வேண்டும். அடுத்து, போர்வையைத் திருப்பிப் போட்டு முதுகிலும் தையல் சீராக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே நிறத்துக்கு வரவேண்டும். நிறத்தைப் பற்றியோ என்றால், பட்டு ஜவுளிக் கடையில் வேண்டியதைக் கேட்டு வாங்கும் சுதந்திரம் இங்கே கிடையாது. கிடைத்த துண்டு எதுவோ அதை எங்கே வைத்தால் பக்கத்துத் துண்டு எழுந்து நிற்கும் என்று கண்டுகொள்ளும் விவேகமே இந்தக் கலையின் நிற ஞானம். வறுமை விதித்த கட்டுப்பாட்டை ரசனையாக மாற்றிக்கொண்ட கலை இது.

இது மேலைநாட்டு இறக்குமதி என்று நினைக்க வேண்டியதில்லை. மகத நாட்டு நெல்வயல்கள் வரப்புகளால் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் ஒழுங்கைக் காட்டி, அந்த அமைப்பிலேயே துறவிகளின் சீவரத்தைத் துண்டுகளாக வெட்டி இணைக்கும்படி புத்தர் தம் சீடர் ஆனந்தரிடம் சொன்னதாக விநய பிடகம் கூறுகிறது. இன்றும் பௌத்த பிக்குகள் அணியும் ஆடையில் அந்த வரப்புகளைக் காணலாம். வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவித் தைத்த காந்தா என்னும் போர்வைகளை, ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய தத்தர் கிராமம் கிராமமாகச் சேகரித்து வைத்தார்; கல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அவர் பெயரால் அமைந்த காட்சிசாலையில் அவை இருக்கின்றன. நமக்கு அண்டையிலுள்ள கர்நாடகத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரக் காடுகளில் வாழும் சித்தி மக்கள், போர்த்துக்கீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய பெண்கள் கவந்தி என்னும் போர்வையை ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து, நடுவிலே வந்து முடிக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் பூப்போல் வைக்காவிட்டால் போர்வை நிர்வாணமாக இருப்பதாகவே அவர்கள் கருதுகிறார்கள். நம் வட்டாரத்திலும், பிறந்த குழந்தைக்குப் பழஞ்சேலையை அடுக்கித் தைத்து விரிப்பாகப் போடும் பாட்டிமாரும், உருது பேசும் வீடுகளில் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டி உலர்த்தி மறுபடி தைக்கும் பெண்களும் இந்தக் கலையின் உறவினரே.

இனி, இதைச் சங்கமாகக் கூடிச் செய்யும் வழக்கத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் 1979-இல் ஒட்டுப்போர்வைக்காரர்கள் தேசிய அளவில் ஒரு சங்கம் கண்டார்கள். அமெரிக்காவிலோ சிற்றூர்களிலும் இத்தகைய சங்கங்கள் உண்டு. இவற்றின் நடைமுறை மிக எளிமையானது. மாதம் ஒரு முறை கூடுகிறார்கள். கூடியதும் அவரவர் முடித்ததை எல்லார் முன்னிலையிலும் விரித்துக் காட்டுகிறார்கள். கைதேர்ந்தவர் புதியவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ஆளுக்கொரு கட்டமாகத் தைத்து வந்து அத்தனை கட்டங்களையும் ஒரே போர்வையாக இணைக்கிறார்கள். ஆண்டுக்கொரு கண்காட்சி வைக்கிறார்கள். இவ்வளவும் தங்கள் சந்தோஷத்துக்காக. இதற்கு மேல், குறைமாதக் குழந்தைகளுக்கும், முதியோர் இல்லங்களுக்கும், தீயிலோ வெள்ளத்திலோ வீடிழந்தவர்களுக்கும் கொடுப்பதற்கென்றே ஒரு பங்கைத் தைத்து வைக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், 1945-இல், அமெரிக்க லூத்தரன் சபையார் தொடங்கிய நிவாரண ஸ்தாபனம் ஒன்றுக்காக, அந்தச் சபைகளின் பெண்கள் அறுபது அங்குல அகலமும் எண்பது அங்குல நீளமும் கொண்ட போர்வைகளை ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் தைத்துக் கடல் கடந்து அனுப்பி வந்திருக்கிறார்கள். இங்கே ஆம்பூரில் பெத்தேஸ்தா மருத்துவமனையை 1920-களில் நிறுவியதும் அமெரிக்க லூத்தரன் மிஷன் ஒன்றுதான் என்பதை நினைக்கும்போது, அந்தத் தையல் வட்டங்கள் நமக்கு அந்நியமானவை என்று சொல்வதற்கில்லை. இந்தியாவிலும் இந்தக் கலையின் அபிமானிகள் ஒன்றுசேரத் தொடங்கியிருக்கிறார்கள். 2019 ஜனவரியில் சென்னையிலேயே ஒரு குவில்ட் திருவிழா நடந்தது.

சேர்ந்து தைத்த போர்வை எவ்வளவு பாரத்தைச் சுமக்க வல்லது என்பதற்கு மூன்று உதாரணங்கள் சொல்லுகிறேன்.

1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள், கணவன்மார் வேறிடத்தில் உயிரோடிருக்கிறார்களா என்றுகூட அறியாத நிலையில், ஆளுக்கொரு சதுரமாகத் தம் பெயரையும் ஒரு செய்தியையும் தைத்து, அறுபத்தாறு சதுரங்கள் கொண்ட போர்வைகள் மூன்றை உருவாக்கினார்கள். மருத்துவமனையில் கிடக்கும் காயம்பட்டோருக்கான அன்பளிப்பு என்று வெளியே அனுப்பப்பட்ட அந்தப் போர்வைகளில் ஒன்று, சிறை வைத்த ஜப்பானியரின் காயம்பட்ட வீரர்களுக்கென்றே தைக்கப்பட்டது. கடிதம் எழுத அனுமதியில்லாதவர்கள் ஊசியால் எழுதிய கடிதம் அது. பகைவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கிய தர்மமும் அதுவே.

இரண்டாவது உதாரணம் நம் வேலூரைத் தொட்டுச் செல்கிறது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் மேற்பார்வையில் ஆராய்ச்சி செய்த இளம் மருத்துவர் செல்லப்பன் நிர்மலா, தாம் திரட்டிய ரத்த மாதிரிகளை ரயிலில் வேலூருக்குக் கொண்டுவந்து, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1987 அக்டோபர் 11-ஆம் தேதி, அந்நோயால் மாண்டவர்களின் பெயர் தைத்த 1,920 துணிப் பலகங்கள் ஒரே போர்வையாக வாஷிங்டன் நகரத்து மைதானத்தில் விரிக்கப்பட்டன. ஒவ்வொரு பலகமும் மூன்றடி அகலம், ஆறடி நீளம். ஒரு மனிதனின் புதைகுழி அளவு. உறவினரும் பெயர் சொல்ல அஞ்சிய காலத்தில், நண்பர்களும் தாய்மார்களும் ஊசியும் நூலும் கொண்டு அந்தப் பெயர்களைப் பகலில் கொண்டுவந்து வைத்தார்கள். இன்று அந்தப் போர்வையில் ஏறத்தாழ 50,000 பலகங்கள் இருக்கின்றன. சோதனைக்கூடம் நோயைக் கண்டது. போர்வை நோயாளியை மனிதராகக் கண்டது. இரண்டும் சமூகத்துக்கு வேண்டியவை.

மூன்றாவது உதாரணத்தைத் தோல் தொழில் வட்டாரத்தார் மிகுந்த கவனத்தோடு கேட்க வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஆற்று வளைவிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் வாழ்ந்த கறுப்பினப் பெண்கள், வாக்குரிமைப் போராட்டக் காலத்தில், 1966-இல், சுதந்திரத் தையல் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய வியாபார நிறுவனத்துக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்த வேலை அவர்களுக்குக் கிடைத்தது. ஒரே அளவு, ஒரே மாதிரி, பிசகக் கூடாது என்பது அந்த வேலையின் நிபந்தனை. அதில் வெட்டி மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை அந்தப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போய், எந்த முதலாளியின் மாதிரிப் படத்துக்கும் கட்டுப்படாமல், தம் மனம் போனபடி போர்வைகளாகத் தைத்தார்கள். 2002-இல் ஹூஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சிசாலையில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் சுவரில் தொங்கியபோது, நவீன ஓவியத்தின் சிறந்த படைப்புகளோடு வைத்து அவற்றை எண்ணத் தொடங்கினார்கள். கூலிக்காகத் தைத்த உறைகள் எங்கே போயினவோ. மிச்சத் துணியில் தமக்காகத் தைத்தவை நிலைத்து நின்றன.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்த மூன்றாவது கதையின் அர்த்தத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. காலையில் ஷூ கம்பெனி வண்டிகளில் ஏறிப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களல்லாமல், அப்பர் என்று சொல்லப்படும் ஷூவின் மேற்பகுதியை வீட்டுக்கே வாங்கி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, கெட்டியான தோலில் கையால் ஊசி ஏற்றித் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி பெறும் பெண்களும் பலர். ஐரோப்பியக் கடைத் தெருக்களில் விலைபோகும் காலணியில் அவர்களுடைய தையல் இருக்கிறது. அவர்களுடைய பெயர் இல்லை. தோலில் சீராகத் தைத்த கைக்குப் பருத்தித் துணி எவ்வளவு இணங்கி வரும் என்பதைத் தையல் அறிந்த யாரும் ஒப்புக்கொள்வார்கள். திறமை இருக்கிறது, அந்தத் திறமைக்குச் சொந்தமான ஒரு படைப்புதான் இல்லை.

பிறர் துன்பத்துக்காகத் தைக்கும் சம்பிரதாயமும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலையிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியதோடு நிற்காமல், உணர்ச்சியற்ற பாதங்களுக்கென்று தனிக் காலணி செய்யும் முயற்சியிலும் இறங்கினார். வலி தெரியாத காலில் ஓர் ஆணி குத்தினாலும் நோயாளிக்குத் தெரியாது. ஆதலால் ஆணி அடிக்காமல், மிருதுவான நுண்துளை ரப்பரை வைத்து அந்தச் செருப்புகள் செய்யப்பட்டன. 1955-இல் கரிகிரியில் எழுந்த ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் இந்தப் பணியைத் தொடர்ந்தது. அங்கே செருப்புத் தைத்த தொழிலாளியின் கவனம் வைத்தியரின் கவனத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஒரு தையல் உறுத்தினால் ஒரு பாதம் புண்ணாகும். கைத்தொழில் மருத்துவமாகவே மாறிய அந்த உதாரணம் நம் கண்ணெதிரே இருக்கும்போது, ஊசிப் பணியைச் சில்லறைப் பொழுதுபோக்கென்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை.

ஆனால் மதிப்பீடு என்றால் குறையையும் சொல்லத்தான் வேண்டும். தர்மத்துக்குக் கொடுப்பதுதானே என்று, சாயம் போகும் துணியையும் இற்றுப்போன பழந்துணியையும் போட்டு, அவசரமாகத் தைத்துத் தள்ளும் போர்வைகள் உண்டு. முதல் துவைப்பிலேயே தையல் விட்டுப் போகும் தானம், பெறுகிறவரின் ஏழ்மையை அவருக்கே நினைவூட்டும் தானமாகும். இதில் கூஞ்ச் ஸ்தாபனத்தார் பின்பற்றும் முறை நமக்கு வழிகாட்டி. 1990-களின் இறுதியில் அன்ஷு குப்தா தொடங்கிய அந்த ஸ்தாபனம், நகரங்களில் சேரும் பழந்துணியைத் தரம் பிரித்து, உடுத்தத் தகாத துண்டுகளைச் சுஜனி என்னும் தையல் விரிப்புகளாக மாற்றுகிறது. கிராமத்தார் தம் ஊருக்கான கிணற்றையோ பாதையையோ தாமே உழைத்துச் சீர்படுத்தியதற்கு வெகுமதியாகத் துணியைத் தருகிறது. கை நீட்டி வாங்கும் தாழ்வு அங்கே இல்லை. இந்தப் பணிக்காக 2015-இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. நம் வீட்டுக் குழந்தைக்குப் போர்த்தத் தயங்கும் எதையும் பிறர் குழந்தைக்குப் போர்த்தலாகாது என்பதே எந்தத் தையல் சங்கத்துக்கும் முதல் விதியாக இருக்க வேண்டும்.

இன்னோர் ஆட்சேபமும் எழும். நாளெல்லாம் கூலிக்கு ஊசி பிடித்துக் கண்ணும் முதுகும் ஓய்ந்தவர்களை, மாலையில் தர்மத்துக்காக மறுபடி ஊசி பிடிக்கச் சொல்வது நியாயமா? நியாயமில்லை என்பதே என் பதில். இந்தப் பணியின் பாரத்தை ஓய்வுள்ளவர்கள்தான் முதலில் ஏற்க வேண்டும்: ஓய்வுபெற்ற ஆசிரியைகள், கல்லூரி மாணவிகள், வசதியுள்ள குடும்பத்துப் பெண்கள், ஆண்களும்தான். அப்பர் தைக்கும் பெண்களை அங்கே குருவின் ஸ்தானத்தில் அமர்த்தி, கற்பிக்கும் நேரத்துக்குத் தக்க சன்மானமும் கொடுக்க வேண்டும். தோலில் தைக்கக் கற்ற கையின் சாமர்த்தியத்தைப் படித்தவர்கள் அருகில் உட்கார்ந்து கற்கும் நாள் வந்தால், அந்த மரியாதையே பாதிப் பணி.

சங்கம் அமைப்பதற்கு வேண்டிய அஸ்திவாரமும் இருக்கிறது. 1989-இல் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் அரசு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. கூடுவதும் கணக்கு வைப்பதும் அவர்களுக்குப் பழகிய காரியம். துணிக்கும் பஞ்சமில்லை. தையற்கடைகளில் சேரும் வெட்டுத் துண்டுகள், குடியாத்தத்துக் கைலித் துணியின் கடைசித் துண்டுகள், காலணித் தொழிற்சாலைகளில் உள்துணி வெட்டி மிஞ்சியவை ஆகியவற்றைக் கேட்டால் தருவார்கள். தோல் துண்டை மட்டும் போர்வையில் சேர்க்க வேண்டாம். துவைக்க வராது, குரோமியம் ஊட்டிப் பதனிட்ட தோல் படுக்கைக்கு உகந்ததுமல்ல. பெறுவதற்கும் ஆட்கள் தொலைவில் இல்லை. மார்கழிப் பனியில் நடுங்கும் ஜவ்வாது மலைக் குடும்பங்கள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்து மருத்துவமனைத் தாழ்வாரங்களில் இரவைக் கழிக்கும் நோயாளிகளின் உறவினர் இருக்கிறார்கள்.

ஒட்டுப்போர்வை சிறந்த கலையே என்பதும், அதைக் கூடித் தைத்துக் கொடுப்பது அந்தக் கலையின் முழுமை என்பதும் என் முடிவான கருத்து. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளிலும் சகோதரர்களிலும் ஐந்து பேர் ஒரு தெருவில் ஒன்றுசேர்ந்தால் போதும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். துண்டுகளைத் துவைத்து, சாயம் பார்த்து, அறுபதுக்கு எண்பது அங்குலத்தில் ஒரு போர்வை தொடங்குங்கள். உங்கள் தெருவில் அப்பர் தைக்கும் அம்மாவை அழைத்துத் தலைமை இருக்கையில் உட்கார வையுங்கள். போர்வையின் ஒரு மூலையில் தைத்தவர்கள் அனைவரின் பெயரையும் எழுதித் தையுங்கள். ஆடியில் தொடங்கினால் மார்கழிக்கு முன் முடித்துக் கொடுத்துவிடலாம்.